காலி செய்த மாடி ரூம்

"இந்த வடக்கத்திப் பசங்ககிட்ட இருந்துதானே தம்பி என் பையனுக்கு ஒட்டிக்கிச்சு?"

வீட்டுக்கார அக்கா கேட்டதற்கு நான் சொன்னது இதுதான்: "யார்கிட்ட இருந்து யாருக்கு வந்துச்சுன்னு சொல்ல முடியாதுக்கா."

காசநோய்ப் பணியாளர் யாராக இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். உண்மையும் அதுதான். கிருமி உள்ளே போன சில மாதங்களிலும் நோய் வரலாம், இருபது வருஷம் கழித்தும் வரலாம். பெரும்பாலானவர்களுக்கு வராமலே போய்விடும். தெற்கே அதிகம் காணப்படும் கிருமி வகை வேறு, வடக்கே வேறு. மரபணுவைப் பார்த்தால் ஓரளவு பிடிபடும். ஆனால் அது ஆய்வகங்களில் நடக்கிற வேலை. எங்களிடம் இருக்கும் ட்ரூநாட் என்ற பரிசோதனைக் கருவி, சளியில் கிருமி இருக்கிறதா, ரிஃபாம்பிசின் என்ற முக்கிய மருந்துக்கு அது அடங்குமா என்பதோடு நிறுத்திக்கொள்ளும்.

ஆனால் அக்காவுக்கு வேண்டியிருந்தது இந்த விளக்கம் இல்லை. மாடியில் இருப்பவர்களை வைத்துக்கொள்வதா, காலி பண்ணச் சொல்வதா? என் பதிலில் அவர் காதில் விழுந்தது "இருக்கலாம்" என்பது மட்டும்தான். அடுத்த முறை போனபோது ரூம் பூட்டியிருந்தது. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த பீகார் பையனுக்கு அப்போதுதான் எடை ஏற ஆரம்பித்திருந்தது.

அந்த ரூமை நான் பார்த்திருக்கிறேன். கொசுவுக்குப் பயந்து ஜன்னலில் பழைய ஃப்ளெக்ஸ் பேனரை ஆணியடித்து வைத்திருந்தார்கள். பகல் ஷிஃப்ட் எழுந்த பாயில் நைட் ஷிஃப்ட் வந்து படுக்கும். பரவுவதற்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது. அப்படியும் கூடப் படுத்தவர்கள் ஒருவருக்கும் எக்ஸ்ரேயில் எதுவும் இல்லை. இதை அக்காவிடம் சொன்னேன். "சரி தம்பி" என்றார், அவ்வளவுதான்.

சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அதே தெருவில் ஒரு பெட்டிக்கடைப் பெரியவர், அந்தப் பையன்கள் சென்னைக்கு வருவதற்கு முன்பே எங்களிடம் சிகிச்சை எடுத்தவர். மாதக்கணக்கில் சிரப் வாங்கிக் குடித்துச் சமாளித்துவிட்டு, அப்புறம்தான் வந்தார். அக்கா மகன் சாயங்காலம் உட்காருவது அவர் கடையில்தான். பெயர் சொல்லாமல் "முன்னாடியே இந்தத் தெருவுல இருந்திருக்கு" என்றாவது சொல்லியிருக்கலாமோ? நாலு கடை உள்ள தெருவில் பெயர் எதற்கு? மறுநாளே அவர் கடைக்கு ஆள் வராது. ஒரு நோயாளியைக் காப்பாற்ற இன்னொரு நோயாளியைக் காட்டிக்கொடுக்க எனக்கு உரிமை இல்லை. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் பெரியவருக்குக் கிடைத்த அந்தக் காப்பு பீகார் பையனுக்குக் கிடைக்கவில்லை. அவனுக்கு நோய் என்பது வீட்டுக்காரருக்குத் தெரியாமல் வைக்க வழியே இல்லை.

மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறவர் வீட்டிலேயே இருந்தாலும் கூட இருப்பவர்களுக்கு ஆபத்து கூடுவதில்லை என்று உலகத்துக்குக் காட்டியதே 1956-ல் தொடங்கிய நம்ம சேத்துப்பட்டு காசநோய் ஆய்வு மையம்தான். அதுவும் இதே ஊரின் நெரிசலான வீடுகளில் செய்த ஆய்வு.

நான் என்ன சொல்லியிருந்தாலும் காலி பண்ண வைத்திருப்பார்கள் என்கிறார் உடன் வேலை பார்ப்பவர். இருக்கலாம். ஆனால் ரூமில் இருந்த இன்னொருவன் போனில் சொன்னது வேறு: "ஆஸ்பத்திரி தம்பியே சொல்லிட்டாரு" என்றுதான் அக்கா அனுப்பினாராம். நான் அப்படிச் சொல்லவே இல்லை. ஆனால் மாத்திரை சாப்பிட்ட பையன் அதை நம்பியிருப்பான். இல்லையென்றால் போகும் இடத்தைச் சொல்லியிருப்பான், அரசின் காசநோய் ஆன்லைன் பதிவேடான நிக்‌ஷயில் மாற்றிவிட்டு அங்கேயே மாத்திரை கிடைக்க வழி செய்திருப்பேன்.

இப்போது யாராவது கேட்டால், "மாத்திரை சாப்பிடுறவங்களால பயமில்லை, யாரையும் அனுப்பாதீங்க" என்றுதான் ஆரம்பிக்கிறேன். "அது சரி தம்பி, எங்க இருந்து வந்துச்சு?" என்று திரும்பவும் கேட்கிறார்கள்.