சவரக்கத்தியா, வேறு கத்தியா: நாலு நடையில் கிடைத்த விடை

அகழாய்வுக் குழியில் கிடைத்த விரல்நீள இரும்புத் துண்டு எதற்கானது என்று தெரிய நாலு நடை. அதில் இரண்டு வீண். பதிவேட்டில் வெறும் ‘கத்தி’ என்று ஏறியிருந்தது. எந்தக் குழி, எந்த மண்ணடுக்கு, எத்தனை செ.மீ. ஆழம் என்ற சீட்டு கூடப் போகவில்லை. ஆய்வுக்கூடத்தில் பிரித்துக்கூடப் பார்க்காமல் திருப்பிவிட்டார்கள்.

அதைவிட வேதனை, யாரோ ஒரு பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்திருந்தது. பிடியின் மரநார், உறையின் துணி இழை எல்லாம் அச்சாகத் தங்குவது அந்தத் துருவில்தான். தேய்த்தால் போனது போனதுதான். புளி, எலுமிச்சையும் கூடாது. நம் கடலோர மண்ணில் கிடந்த இரும்பில் உப்பு ஏறியிருக்கும். வெளியே எடுத்தபின் செம்மஞ்சளாக வியர்த்து, செதில் செதிலாக உதிரும். எடுத்த அன்றே காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல்லோடு வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் உடனே மாற்றுங்கள்.

அடுத்தது எக்ஸ்ரே. ஸ்கேன் சென்டரில் நோயாளி பெயரும் டாக்டர் சீட்டும் கேட்டு ஒரு நாளைக் கெடுத்தார்கள். ‘பொருள்: இரும்புத் துண்டு’ என்று அகழாய்வுப் பொறுப்பாளரின் கடிதம் கொண்டுபோனால் வேலை நடக்கும். கத்தியைப் படுக்கவைத்து எடுக்கச் சொல்லுங்கள். துருவுக்கு அடியில், வால் பக்கம் ஒரு சிறு துளை தெரிந்தது: பிடிக்குள் மடங்க ஆணி போட்ட இடம். பாளை சீவும் அரிவாள் என்ற சந்தேகம் அதோடு தீர்ந்தது.

ஆனால் மடக்குக் கத்தியெல்லாம் சவரக்கத்தி ஆகாதே. அங்கே கைகொடுத்தது கத்தியின் முதுகு. துருவோடு வெர்னியர் அளவுகோல் வைத்து அளக்காதீர்கள். துரு ஊதிப்போய் இருக்கும், அளவு பொய் சொல்லும். முறிந்த முனையில் குறுக்குவெட்டைப் பார்த்து அளந்தோம்: முதுகு 5 மி.மீ., அகலம் 18 மி.மீ. அப்படியென்றால் வாயின் (வெட்டும் விளிம்பின்) கோணம் ஏறக்குறைய 16 பாகை. சவரக்கத்தியைக் கல்லில் படுக்கப் போட்டு, முதுகும் வாயும் ஒருசேரப் படும்படி தீட்டுவார்கள். முதுகின் கனமே கோணத்தைக் காக்கும். அதனால் முதுகின் இரு ஓரமும் தேய்ந்து தட்டையாகும். சமையல் கத்தியின் முதுகு மெலிது. தூக்கிப் பிடித்துத்தான் தீட்ட முடியும். தோல் வெட்டும் கத்தியில் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் சரிவு.

சவரத்தொழிலில் பழுத்த பெரியவர் ஒருவரிடம் காட்டியபோது அவர் விரல் நேரே முதுகுக்குத்தான் போனது. “மக்ளே, இது படுக்கப் போட்டுத் தீட்டுன கத்தியாக்கும்.” ஆய்வுக்கூடத்துக்கு முன்னால் இப்படி ஒருவரைப் பார்த்திருந்தால் ஒரு நடை மிச்சம்.

சவரக்கத்தி என்றதும் பயன் சவரம் மட்டும்தான் என்று எழுதிவிடாதீர்கள். அந்தக் காலத்தில் கட்டி கீறுவதும் சவரம் செய்த அதே கைகள்தான். அதனால்தான் அவர்களுக்கு மருத்துவர் என்று பெயர். வாய் நெடுக ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் சவரம் என்று எழுதலாம். நுனி மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் கீறவும் பயன்பட்டிருக்கலாம். இதில் நுனியே முறிந்துபோனதால் பதிவேட்டில் இரண்டையும் எழுதவைத்தோம். தேய்க்காத அந்த ஒரு பக்கத்தை, இழை அச்சு பார்க்கும்வரை யாரும் தொடக் கூடாது என்று டப்பாமேல் ஒட்டியிருக்கிறது.