70 பவுண்டு லாங்போவுக்கு மர அம்பு: இதுவரைக்கும் செஞ்சு பார்த்தது

என் லாங்போவுல (நீள வில்லு) 28 இஞ்ச் இழுத்தா 70 பவுண்டு விசைன்னு எழுதியிருக்கு, ஆனா நான் இழுக்கறது 29 வரைக்கும் போவுது, அந்த ஒரு இஞ்ச்சுலயே மூணு பவுண்டு பக்கம் ஏறிரும். மர அம்பு வாங்க அந்த 73தான் கணக்கு, வில்லு மேல எழுதியிருக்கறது இல்ல. கூட அம்பு விடுற அண்ணன்ட்ட எந்த ஷாஃப்ட் (அம்போட மரத் தண்டு) நல்லதுன்னு கேட்டேன், "தம்பி, முதல்ல உன் டிராவ, அதான் நீ இழுக்கறத அளந்துட்டு வா, மரத்த பத்தி அப்புறம் பேசுவோம்"னுட்டாரு. லக்கேஜ் தூக்கிப் பாக்கற டிஜிட்டல் தராச நாண்ல மாட்டித்தான் அளந்தோம்.

லாங்போவுல அம்பு நேரா நடுவுல உக்காராது, கைப்பிடியோட பக்கவாட்டுலதான் உக்காரும். விட்டதும் அது வில்ல சுத்தி பாம்பு மாதிரி நெளிஞ்சுதான் வெளிய போவுது, ஸ்லோமோஷன்ல எடுத்துப் பார்த்தா நல்லா தெரியும். நெளிவு கம்மியா இருந்தா வலது கைக்காரனுக்கு இடப்பக்கம் போய் குத்தும், அதிகமா இருந்தா வலப்பக்கம். இந்த விறைப்பத்தான் ஸ்பைன்னு சொல்றது.

ஸ்பைன் அளக்க கோலாலம்பூர் செந்தூல் வீட்டு பின்னாடியே ஒரு ஸ்டாண்டு அடிச்சேன். 26 இஞ்ச் இடைவெளியில ரெண்டு தாங்கி, நடுவுல 2 பவுண்டு, அதாவது 907 கிராம் தொங்க விடணும். எத்தன இஞ்ச் வளையுதோ அதால 26ஐ வகுத்தா ஸ்பைன் பவுண்டு கணக்குல வந்துரும். 9.4 மில்லி வளைஞ்சா 70, 8.8 வளைஞ்சா 75. அஞ்சு பவுண்டுக்கும் அர மில்லிக்கு கொஞ்சம் மேலதான் வித்தியாசம், ஸ்கேல வச்சு கண்ணால பாத்தா பத்தாது, டயல் கேஜ் கண்டிப்பா வேணும். ஒரே கட்டுல வந்த ஷாஃப்ட்டுங்கதான், ஆனா அளந்து பிரிச்சா 62ல இருந்து 78 வரைக்கும் சிதறிக் கெடந்துச்சு, எனக்கே ஆச்சரியம்.

முதல்ல போர்ட் ஆர்ஃபர்ட் சீடர் மரம், 11/32 இஞ்ச் தடிப்பு. வாசனையும் நல்லா இருக்கும், நேராவும் இருக்கும், ஆனா 125 கிரெயின் (ஒரு கிராமுக்கு 15 கிரெயின் பக்கம்) பாயிண்ட்டோட, அதாவது அம்பு முனையோட சேத்தும் 31 கிராம்தான் வந்துச்சு. இந்த மாதிரி கனமான வில்லுக்கு பவுண்டுக்கு 10 கிரெயின் பக்கம் இருந்தாத்தான் எனக்கு மனசு நிம்மதி, அப்படி பாத்தா 730 கிரெயின், 47 கிராம். லேசான அம்ப விட்டா மிச்ச சக்தியெல்லாம் வில்லுக்கே திரும்புது, கையில உதறல் தெரியும், மரத்துக்கும் நல்லதில்ல. 1545ல முங்கி 1982ல தூக்கின மேரி ரோஸ்ங்கற இங்கிலாந்து போர்க்கப்பல்ல இருந்த அம்புங்க அர இஞ்ச் கிட்ட தடிப்பு, அதிகமும் பாப்லர் மரம். அந்தக் கப்பல்ல இருந்த பெரிய வில்லுங்களுக்கு அந்தத் தடிப்பு தேவப்பட்டிருக்கு.

அதனால 23/64 இஞ்ச் பிர்ச் மரத்துக்கு மாறினேன், பாயிண்ட்டும் 160 கிரெயின் போட்டேன். பாயிண்ட் கனமானா அம்பு இன்னும் அதிகமா நெளியும், அதுக்கு ஒரு அஞ்சு பவுண்டு கூடுதல் விறைப்பு வேணும்னு 70-75 குவியல்ல இருந்து எடுத்தேன். மொத்தம் 46 கிராம். ஒரு காலத்துல நம்ம ராமின் மர டௌலையும் (உருண்டக் கம்பு) அம்புக்கு போடுவாங்க, 2005ல இருந்து அந்த மரம் சைட்டிஸ் (அழியற நிலையில இருக்கற உயிரினங்கள வாங்கி விக்கறத கட்டுப்படுத்தற உலக ஒப்பந்தம்) ரெண்டாம் பட்டியல்ல இருக்கு, ஹார்டுவேர் கடையில இப்ப கெடைக்கற மெரந்தி டௌல நான் இந்த வில்லுல வைக்க மாட்டேன், நார் ஓட்டம் பல எடத்துல பக்கவாட்டுல வெளிய ஓடுது, அங்கதான் முறியும்.

நார் பத்தி கொஞ்சம் விரிவாவே சொல்றேன், இது பாதுகாப்பு விஷயம். ஷாஃப்ட்டோட நுனியில வளையக் கோடு தெரியும், நாக் வெட்டு (நாண் உக்கார்ற பின்பக்க வெட்டு) அந்தக் கோட்டுக்கு குறுக்க வரணும், அப்பத்தான் நாண் அதப் பொளக்காது, விறைப்பான பக்கமும் வில்லுல படும். ஸ்பைன் அளக்கறதும் அந்தப் பக்கம்தான். பக்கவாட்டுல பாத்தா நார் கூர்மையா முடியற கோடுங்க இருக்கும், மேல் பக்கத்துல அந்தக் கூர் பாயிண்ட்ட பாத்து இருக்கணும், உடைஞ்சாலும் சிம்பு வில்லு புடிச்ச கைய விட்டுத் தள்ளி போவும். ஒவ்வொரு தடவ விடறதுக்கு முன்னாடியும் அம்ப லேசா வளைச்சு விரலால தடவிப் பாக்கறேன், சின்ன கீறல் சத்தம் கேட்டாலும் ஒதுக்கிருவேன்.

கோலாலம்பூர் மத்தியான மழைக்கு மரம் ஈரத்த இழுக்கும், நேத்து நேரா இருந்தது இன்னைக்கு கோணும். கெட்டில் ஆவியில காட்டி உள்ளங்கையால அழுத்தி நிமித்தி, கண்ணாடி மேசையில உருட்டிப் பாக்கறேன். பாலியூரித்தேன் வார்னிஷ் மூணு கோட்டு, அதுலயும் நாக் வெட்டுக்குள்ள கண்டிப்பா தடவணும், அந்த வாய் வழியாத்தான் ஈரம் வேகமா ஏறுது. அம்புங்கள சுவத்துல சாய்க்காம தொங்க விட்டு வைக்கறேன்.

இறகு ஒட்டாத ஷாஃப்ட்ட 15 மீட்டர்ல விட்டுப் பாத்தப்போ, 125 பாயிண்ட் போட்ட பிர்ச் இடது பக்கமா ஒதுங்குச்சு, 160 போட்டது இறகு வச்ச அம்புங்க கூடவே போய் குத்துச்சு. அஞ்சு இஞ்ச் வான்கோழி இறகு, மூணு இறகும் ஒரே பக்கச் சிறகுலருந்து. 75க்கு மேல வந்த விறைப்பு ஷாஃப்ட்டுங்க தனியா கெடக்கு, அதுங்களுக்கு 190 கிரெயின் பாயிண்ட் சொல்லி வச்சிருக்கேன், வந்ததும் இறகு இல்லாம விட்டுப் பாத்து எழுதறேன்.