கரண்ட் போய் வந்த பிறகு எழுந்திருக்காத சர்வர்கள்

குமுளியில் ஜூன் மழை பிடித்துவிட்டால் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அன்று இரவு யூபிஎஸ் பேட்டரியும் தீர்ந்து, நான் பார்த்துக்கொள்ளும் ஏலக்காய் வியாபாரக் கடையின் சர்வர் அணைந்துவிட்டது. காலையில் கரண்ட் வந்தது. சர்வரும் ஓட ஆரம்பித்தது. ஆனால் அதற்குள் இருந்த வர்ச்சுவல் மெஷின்களில் (ஒரே சர்வருக்குள் தனித்தனிக் கணினிகள்போல ஓடுபவை) இரண்டு வேலை செய்யவில்லை.

கணக்குப்பிள்ளை அண்ணன் போனில் அழைத்தார். "தம்பி, நாளைக்குப் புத்தடியில ஏலம். லாட் விவரம், எடை எல்லாம் அதுலதான் கிடக்கு. முந்தாநேத்து பேக்கப்பைப் போட்டு ஏத்திடலாமா?"

"வேண்டாம்ணே, நான் வந்து பார்க்கிறேன். அதுவரை யாரும் தொடாதீங்க" என்றேன். பேக்கப்பை ஏற்றியிருந்தால் நேற்று முழுக்கப் பதிந்த எடைக் கணக்கு போயிருக்கும். டிஸ்க் கெட்டுப்போனதற்கு எந்த அறிகுறியும் இல்லாதபோது பேக்கப்பில் கைவைப்பது கடைசி வேலையாகத்தான் இருக்க வேண்டும்.

ஹோஸ்ட்டில், அதாவது இந்த மெஷின்களைத் தாங்கும் அசல் சர்வரில், இருப்பது அவற்றை நிர்வகிக்கும் புராக்ஸ்மாக்ஸ் என்ற மென்பொருள். அதன் திரையில் எல்லா மெஷினும் "ரன்னிங்" என்று பச்சையாகவே தெரிந்தன. இதை நம்பிப் பலர் நெட்வொர்க் கேபிளையும் ஸ்விட்சையும் நோண்டப் போகிறார்கள். மெஷினுக்கு மெமரியும் சிபியூவும் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் அந்தப் பச்சைக்கு அர்த்தம். உள்ளே இயங்குதளம் உயிரோடு இருக்கிறதா என்பதை அந்த மெஷினின் சொந்தத் திரையான கன்சோலைத் திறந்து கண்ணால் பார்க்க வேண்டும்.

லாட் கணக்கு இருக்கும் உபுண்டு (லினக்ஸ் வகை) மெஷினின் கன்சோலில் கடைசி வரி தெளிவாக இருந்தது: கர்னல் பேனிக் (இயங்குதளத்தின் மையமான கர்னல் தொடர முடியாமல் நின்றுவிட்டது), ரூட் கோப்பு முறைமையை மவுன்ட் செய்ய முடியவில்லை, அன்னோன் பிளாக் 0,0. அந்த இரண்டு பூஜ்யங்களைக் கண்டால் நான் முதலில் சந்தேகப்படுவது இனிட்ராம்எஃப்எஸ்ஸைத்தான். டிஸ்க்கைத் தேடிப் பிடிக்கத் தேவையான டிரைவர்களைக் கர்னல் எடுத்துக்கொள்வது அந்தக் கோப்பிலிருந்துதான். அது இல்லையென்றால் டிஸ்க் நல்ல நிலையில் இருந்தாலும் கர்னலுக்குத் தெரியாது.

மெஷினை நிறுத்தி ஒரு ஸ்னாப்ஷாட் (தவறினால் திரும்பிப் போக அப்போதைய நிலையின் பதிவு) எடுத்துக்கொண்ட பிறகுதான் கைவைத்தேன். அடுத்து, எந்தக் கர்னலில் தொடங்குவது என்று தேர்ந்தெடுக்கும் கிரப் மெனுவைப் பிடிக்க வேண்டும். வர்ச்சுவல் மெஷினில் இது கொஞ்சம் பொறுமையைச் சோதிக்கும். கன்சோல் திறப்பதற்குள் மெனு கடந்துபோய்விடும். கன்சோலைத் திறந்து வைத்துக்கொண்டு ரீசெட் கொடுப்பது நல்லது. மெஷினைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருள் பழைய பயாஸ் வகை என்றால் ஷிஃப்ட்டைப் பிடிக்க வேண்டும், யூஇஎஃப்ஐ என்றால் எஸ்கேப். எஸ்கேப்பை அதிகம் தட்டி கிரப்பின் கட்டளை வரிக்குள் விழுந்துவிட்டால் பதற வேண்டாம். "நார்மல்" என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் கொடுத்து, உடனே ஒரு தடவை எஸ்கேப் அழுத்தினால் மெனு வரும்.

அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸுக்குள் போய் முந்தைய கர்னலைத் தேர்ந்தெடுத்தேன். மெஷின் எழுந்து வந்தது. அண்ணன் முகத்தில் அப்போதுதான் உயிர் வந்தது.

காரணம் பூட் பகுதி, அதாவது கர்னல் கோப்புகள் இருக்கும் டிஸ்க் பகுதி. சர்வரை முதலில் அமைத்தவர்கள் அதற்கு 512 எம்பிதான் ஒதுக்கியிருந்தார்கள். இப்போதைய உபுண்டுவில் ஒரு இனிட்ராம்எஃப்எஸ் கோப்பே 100 எம்பியைத் தாண்டிவிடலாம். பழைய கர்னல்கள் சேர்ந்து இடம் நிறைந்துவிட, தானியங்கி அப்டேட் புதிய கர்னலை இறக்கியது. அதற்குரிய இனிட்ராம்எஃப்எஸ்ஸை எழுத இடமில்லாமல் பாதியில் நின்றது. இது நடந்து பல வாரம் ஆகியிருந்தது. யாரும் ரீஸ்டார்ட் செய்யாததால் மெஷின் பழைய கர்னலிலேயே நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் போன இரவுதான் அது வெளியே வந்தது.

எந்தக் கர்னல் இப்போது ஓடுகிறது என்று உறுதி செய்துகொண்டு, அதைத் தவிர்த்துப் பழையவற்றை நீக்கினேன். பகுதி முழுக்க நிறைந்திருந்தால் மென்பொருள்களை நிறுவி நீக்கும் ஆப்ட்டே வேலை செய்ய மறுக்கும். அப்போது மிகப் பழைய கர்னலின் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பு ஒன்றைக் கையால் அழித்து வழி விட வேண்டியிருக்கும். பிறகு பாதியில் நின்ற நிறுவலை முடித்து, புதிய கர்னலுக்கு இனிட்ராம்எஃப்எஸ் உருவாக்கி, கிரப்பைப் புதுப்பித்தேன். அந்தக் கோப்பு பூட் பகுதியில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே ரீஸ்டார்ட்.

இரண்டாவது மெஷின் எமர்ஜென்சி மோடில், அதாவது முழுதாகத் தொடங்காமல் பழுதுபார்ப்பதற்கான நிலையில், நின்றது. எல்லாரும் அதையும் அப்டேட் கணக்கிலேயே எழுதிவிட்டார்கள். அப்டேட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. முன்பு இணைத்திருந்த ஒரு பேக்கப் டிஸ்க்கை யாரோ கழற்றியிருந்தார்கள். எந்தெந்த டிஸ்க்கை இணைப்பது என்று பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் அதன் வரி அப்படியே கிடந்தது. தொடக்க வேலைகளை நடத்தும் சிஸ்டம்டி அந்த டிஸ்க்குக்காக 90 விநாடி காத்திருந்து, வராததால் நின்றுவிட்டது. ரூட் கடவுச்சொல் கொடுத்து உள்ளே போய் அந்த வரியை எடுத்ததும் சரியானது. கழற்றி மாட்டும் டிஸ்க்குகளுக்கு "நோஃபெயில்" (டிஸ்க் இல்லையென்றாலும் தொடர்ந்து தொடங்கு) போட்டு, பெயருக்குப் பதில் அதன் தனி அடையாளமான யூயூஐடி எழுதிவிட்டால் இந்தத் தொல்லை வராது.

கணக்கு மென்பொருள் இருந்த விண்டோஸ் மெஷின் அப்டேட்டை முடிக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டது. அதை நடுவில் அணைக்காமல் விட்டோம், தானாகவே வந்தது.

இப்போது தானியங்கி அப்டேட்டை நிறுத்தவில்லை. பாதுகாப்புத் திருத்தங்கள் வராமல் இருப்பது இதைவிட ஆபத்து. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, கடை மூடிய பிறகு, ஸ்னாப்ஷாட் எடுத்து ஒவ்வொரு மெஷினாக நாங்களே ரீஸ்டார்ட் செய்கிறோம். கன்சோலில் லாகின் வரி தெரிந்த பிறகே அடுத்ததைத் தொடுவோம். ஸ்னாப்ஷாட்டை அப்படியே விட்டுவைத்தால் டிஸ்க் இடத்தைத் தின்றுகொண்டே போகும். அதனால் திங்கட்கிழமை எடைப் பதிவு ஒழுங்காக ஓடுவதைப் பார்த்துவிட்டு அண்ணனே அதை நீக்கிவிடுகிறார்.