பருப்பும் எலியும் ஹைட்ரஜனும்

கொண்டைக்கடலையிலும் உளுந்திலும் உள்ள ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் சர்க்கரைகளைச் செரிக்கும் நொதி நம் சிறுகுடலில் இல்லை, எலிக்கும் இல்லை. அவை அப்படியே சீக்கத்துக்கும் (பெருங்குடலின் தொடக்கத்தில் உள்ள பை) பெருங்குடலுக்கும் இறங்கி பாக்டீரியாவால் நொதிக்கின்றன. உடல் செல்கள் ஹைட்ரஜனை உண்டாக்குவதில்லை. அதனால் எலி மூச்சிலும் ஆசனவாய் வழியாகவும் விடும் ஹைட்ரஜனை அளந்தாலே எந்த உணவு எவ்வளவு வாயு தருகிறது என்று ஒப்பிடலாம்.

200 கிராம் எலியை 5 லிட்டர் மூடிய சாம்பரில் வைத்து, உள்காற்றைச் சிறிய பம்பால் சோடா லைம் (கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் சுண்ணாம்புக் கலவை) வழியாகச் சுற்றவிடுகிறோம். எலி மணிக்குச் சுமார் 200 மி.லி. ஆக்சிஜன் எடுக்கும், வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடைச் சோடா லைம் விழுங்குவதால் அழுத்தம் குறையும், அந்த இடத்துக்கு ஆக்சிஜன் பையிலிருந்து தானாக வரும். சோடா லைமில் சிறுநீர் பட்டால் வேலை கெடும். நிறம் மாறியதும் புதிதாக மாற்றிவிட வேண்டும்.

எல்லாவற்றையும்விடக் கசிவுதான் ஆளைத் தின்னும். சிலிக்கோன் குழாய் வழியே ஹைட்ரஜன் ஊடுருவிப் போய்விடும். பியூட்டைல் ரப்பர் நல்லது. எலியை விடுமுன் காலி சாம்பரில் 1 மி.லி. தூய ஹைட்ரஜனைச் செலுத்திப் பாருங்கள்: 200 பிபிஎம் (பத்து லட்சத்தில் 200 பங்கு) காட்ட வேண்டும், ஒரு மணி நேரம் கழித்தும் அதே அளவு நிற்க வேண்டும். நிற்காத நாளில் எலியை உள்ளே விடவே கூடாது. மாதிரியைக் கண்ணாடி சிரிஞ்சில் எடுத்து உடனே வாயுக்களைப் பிரித்து அளக்கும் குரோமட்டோகிராஃபில் செலுத்துவது நல்லது. பிளாஸ்டிக் சிரிஞ்சில் வைத்தால் ஹைட்ரஜன் குறைந்துகொண்டே போகும். மாதிரியைக் கருவிக்குள் சுமந்து செல்லும் கேரியர் வாயுவாக ஆர்கானையோ நைட்ரஜனையோ வையுங்கள். கருவியின் உணரி வெப்பக் கடத்துதிறன் வேறுபாட்டைத்தான் அளக்கிறது; அதில் ஹீலியம் ஹைட்ரஜனுக்கு நெருக்கம் என்பதால் ஹைட்ரஜனுக்கான மேடு (பீக்) சரியாக எழாது. வாயுக்களைப் பிரிக்கும் நுண்துளைப் பொருளான 5ஏ மாலிக்குலர் சீவில் ஈரம் ஏறினாலும் அளவு தடுமாறும்.

உணவில் கவனிக்க வேண்டியது சமையல். ஊறவைத்த நீரைக் கொட்டினால் ராஃபினோஸ் போன்ற ஒலிகோசாக்கரைடில் ஒரு பகுதியும் கூடவே போய்விடும். இரண்டு பருப்பை ஒப்பிடும்போது இரண்டுக்கும் ஒரே முறைதான். முந்தைய இரவு பட்டினி, முதல் மணி நேரம் அடிப்படை அளவு, பிறகு எடைபோட்ட உணவு. சிந்தியதையும் கழிக்க வேண்டும். எலி தன் புழுக்கையை ஆசனவாயிலிருந்தே எடுத்துத் தின்னும், கம்பித்தரை மட்டும் அதைத் தடுக்காது. அதற்கு வாலடியில் புழுக்கையைப் பிடிக்கும் வால்கிண்ணம் மாட்ட வேண்டும். புது எலியைச் சில நாள் சாம்பருக்குப் பழக்கிய பிறகே எண்களை நம்பலாம்.

ஹைட்ரஜன் குறைவாக வந்தால் நொதித்தல் இல்லை என்று எழுதிவிடாதீர்கள். மீத்தேன் உண்டாக்கும் ஆர்க்கியா நுண்ணுயிரிகளும் சல்ஃபேட்டை ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றும் பாக்டீரியாவும் அதை உள்ளேயே செலவழித்துவிடும். சோதனை முடிவில் சீக்கத்தின் எடையையும் நொதித்தலில் உண்டாகும் குறுங்கொழுப்பு அமிலங்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் கிடைக்கும்.