பட்டா இல்லாத வாசல்

நேற்று சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். எண்ணூர் கழிமுகத்தை ஒட்டி முப்பது வீடுகூடத் தேறாத குடியிருப்பு. ஒரு பக்கம் உப்பங்கழி, மறுபக்கம் பாழாய்க் கிடக்கும் உப்பளம், தூரத்தில் அனல் மின் நிலையப் புகைபோக்கிகள். ரேஷன் கார்டு உண்டு, ஓட்டு உண்டு, கரண்ட் பில் தவறாமல் வருகிறது. பட்டா மட்டும் கிடையாது. ஒரு ஆபீசில் உப்புத்துறை நிலம் என்கிறார்களாம், இன்னொன்றில் புறம்போக்கு என்கிறார்களாம். சித்தப்பா இரண்டு இடத்திலும் மனு கொடுத்த ரசீதுகளைச் சுருட்டி ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறார். உப்புக் காற்றில் பேப்பர் நமுத்துப்போகுமாம்.

1996-ல் ஒன்றிய அரசு ஒப்புதல் கொடுத்த கடற்கரை மண்டல வரைபடத்தில் இந்தக் கழிமுகம் இருக்கிறது. பின்னால் வந்த ஒரு வரைபடத்தில் அதைக் காணோம்! 2017-ல் அது பெரிய சர்ச்சையானது. கொசஸ்தலை ஆறு கடலில் சேருகிற இடத்தையே காணாமல் அடிக்கிறவர்களுக்கு முப்பது வீடு எம்மாத்திரம்?

2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் கலந்து வந்ததே, அந்தக் கறுப்புக் கோடு சித்தி வீட்டுச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு இன்னும் தெரிகிறது. இரண்டு தடவை சுண்ணாம்பு அடித்தும் கசிந்து மேலே வந்துவிட்டது. "உட்றா, நாம இங்கதான் இருந்தோம்னு அதான் சாட்சி" என்று சிரித்தார் சித்தி.

அப்புறம், கிளம்பும்போது ஒரு பொட்டலம் இறால் கொடுத்தார். பறிக் கூடையை வாயில் கவ்விக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் கையால் தடவிப் பிடித்தது. வீட்டுக்கு வந்து எண்ணினேன். பதினேழு.