பத்து நாள் பொறு

1999 மே மாதம், கார்கில் சண்டை தொடங்கி 'சுட்டி பந்த்', அதாவது யாருக்கும் லீவு இல்லை என்று உத்தரவு வந்தபோது, எங்கள் பீரங்கிப் பிரிவான பேட்டரியின் லீவு பட்டியல் என் பொறுப்பில் இருந்தது. ஜூன் முதல் வாரம் போக வேண்டியவன் ஒரு வேலூர் பக்கத்துப் பையன். மனைவிக்கு முதல் பிரசவம். ஊருக்குப் போனவர்களையே தந்தி அடித்துத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதனால் அவன் வாய் திறக்கவில்லை.

ஜூன் 13 தோலோலிங் சிகரம் எங்கள் கைக்கு வந்தது. அதற்குச் சில நாள் கழித்து எங்கள் அதிகாரி, ரொம்ப அவசரமென்றால் ஒருவரை அனுப்பலாம், யாரென்று நீயே சொல் என்றார். என்னிடம் இரண்டு பேர். ஒருவன் இவன். 56 ஏபிஓ என்ற ராணுவத் தபால் நிலையம் வழியாக அவனுக்கு இன்லேண்ட் லெட்டர் வந்திருந்தது: பெண் குழந்தை, இருவரும் நலம். இன்னொருவனுக்குத் தந்தி: 'மதர் சீரியஸ், ஸ்டார்ட் இமீடியட்லி.'

இந்தத் தந்தி எங்களுக்குப் பழக்கமானதுதான். டிவியில் சண்டையைப் பார்த்துப் பயந்துபோய் வீட்டில் அடிப்பார்கள். மற்ற நாளில் ஊரில் விசாரிக்கச் சொல்லி எழுதுவோம். திராஸ் போர்முனையில் அன்று அதற்கு நேரம் ஏது? பொய் என்று பாதி தெரிந்தும் தந்திக்காரனைத்தான் சொன்னேன். நிஜமாக இருந்து அந்த அம்மா போயிருந்தால்? இன்றைக்கும் என்னிடம் இருக்கும் ஒரே பதில் இதுதான்.

வேலூர்ப் பையனைக் கூப்பிட்டேன். போஃபர்ஸ் பீரங்கிக்கு நாற்பது கிலோவுக்கு மேல் இருக்கும் குண்டுகளைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்து நின்றான். "குழந்தை நல்லபடியா பொறந்தாச்சுல்ல, பத்து நாள் பொறுடா" என்றேன்.

"சரிண்ணே" என்றான். கடிதத்தை மடிப்பு மாறாமல் மடித்துப் பையில் வைத்தான். அப்புறம், "யார் ஜாடைன்னு எழுதலண்ணே" என்றான்.

பத்து நாள் என்று எந்தத் தைரியத்தில் சொன்னேன்? ஜூலை 26 சண்டை முடிந்து, ஆகஸ்ட் கடைசியில்தான் அவன் ஜம்முவில் ஹிம்சாகர் ரயில் ஏறினான். தந்திக்காரன் முன்பே திரும்பியிருந்தான். அம்மா நல்லா இருக்காங்க என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவனுக்கும் அம்மாதானே.

வேலூர்ப் பையனுக்கு இடது காது கேட்பதில்லை. அந்த இரண்டு மாதத்தில் போனதா, அதற்கு முன்பே போய்விட்டதா, யாராலும் சொல்ல முடியாது. முன்பே போயிருக்கும் என்றுதான் நான் நினைத்துக்கொள்கிறேன். பீரங்கிக்காரர்கள் பலருக்கும் அப்படித்தான். ஆனால் ஜூன் மாதம் நான் கூப்பிட்டபோது, முதல் கூப்பாட்டிலேயே திரும்பிப் பார்த்தானே.

அந்தக் குழந்தையின் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளையிடம் என்னைக் காட்டி, "அன்னைக்கு என்னைப் பொறுக்கச் சொன்னது இந்த அண்ணன்தான்" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். "மனசுல வச்சிருக்கியாடா?" என்று கேட்டேன். மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. நான் நின்றது அவனுக்கு இடது பக்கம்.