வெயில்ல ஒரு கெண்டை மேட்ச் – கவென்ட்ரி நாட்குறிப்பு

ஜூன் 8, 2023, வியாழன்

தூண்டில் கிளப் வாட்ஸப் குரூப்ல செகரட்டரி மெசேஜ் போட்டுட்டார், ஞாயித்துக்கிழமை மேட்ச் நேரம் மாறுது. வழக்கமா எட்டரைக்கு பெக் குலுக்கல், அதாவது கரையில யாருக்கு எந்த நம்பர் இடம்னு சீட்டு எடுக்கறது, பத்துல இருந்து நாலு வரைக்கும் மீன்பிடி. இந்த வாட்டி ஏழுக்கே குலுக்கி எட்டரைக்கு ஆரம்பிச்சு ஒன்றரைக்கு முடிச்சுடுவாங்களாம். காரணம் வெயில்தான். 30 டிகிரிக்கு இந்த இங்கிலாந்துக்காரங்க பண்ற அலப்பறைய பாத்தா நமக்கு சிரிப்பு வரும், ஆனா இங்க கஷ்டம் மனுஷனுக்கு இல்ல, மீனுக்கு. தண்ணி சூடாக சூடாக அதுல ஆக்சிஜன் கம்மியாகும், ராத்திரியில பாசியும் செடியும் இருக்கறதையும் இழுத்துக்கும், அதனால விடியக்காலைலதான் குளத்துல மூச்சு முட்டும். அந்த தண்ணில கீப்நெட்டுக்குள்ள, அதாவது பிடிச்ச மீன எடை போட்டு திருப்பி விடற வரைக்கும் வெக்கற வலைக்குள்ள, கெண்டைய அடைச்சு மணிக்கணக்கா வெச்சா செத்துப்போயிடும். அதான் நெட்டுக்கு 60 பவுண்டுன்னு இருந்த லிமிட்ட 40 ஆக்கிட்டாங்க, அதுக்கு மேல எவ்வளவு இருந்தாலும் கணக்குல 40தான்.

குரூப்ல பாதி பேருக்கு கோவம். அதுலயும் நியாயம் இருக்கு. இந்த மாதிரி குளத்துல பெரிய கெண்டையெல்லாம் கரையோரத்துக்கு வர்றது கடைசி ரெண்டு மணி நேரத்துலதான், மார்ஜின்னு சொல்லுவாங்க, அந்த நேரத்துல ஒருத்தன் நாப்பது அம்பது பவுண்டு கூட அள்ளிடுவான். மேட்ச்சே ஒன்றரைக்கு முடிஞ்சா அந்த ஆட்டம் பாதிக்கு மேல காலி. எனக்கென்னவோ இது நல்லதாத்தான் படுது. மார்ஜின்ல என்னைவிட கெட்டிக்காரங்க கிளப்ல ஏகப்பட்ட பேர்.

ஆறெல்லாம் இன்னும் மூடித்தான் கிடக்கு, மார்ச் 15ல இருந்து ஜூன் 15 வரைக்கும் ஆத்துல தூண்டில் போடக்கூடாது, அதனால எல்லாரும் குளத்துக்குத்தான் வர்றாங்க. இந்த வாட்டி லிஸ்ட் ஃபுல்.

ஜூன் 10, சனி

காலைல தூண்டில் கடைக்கு போனேன். 8 எம்எம் ஹார்ட் பெல்லட் (மீன் தீவன உருண்டை) ரெண்டு பை, ஸ்வீட்கார்ன் ரெண்டு டின், ஒரு பைண்ட் செத்த புழு. புழு டப்பாவ ஃபிரிட்ஜ்ல வைக்க வீட்டுல அனுமதி கிடையாது, அது பேசி முடிச்ச விஷயம், கராஜ்ல ஐஸ் பெட்டிக்குள்ள இருக்கு.

கடைக்காரர் ஸ்பெசிமன் ஆளு, அதாவது கூடாரம் போட்டு ரெண்டு மூணு ராத்திரி உக்காந்து ஒரே ஒரு பெரிய மீனுக்காக காத்திருக்கற கூட்டம். மேட்ச்காரங்கள பாத்தா அவருக்கு ஒரு இளக்காரம். இன்னைக்கும் ரிச்சர்ட் வாக்கர் கதைய ஆரம்பிச்சுட்டார். 1952 செப்டம்பர்ல ரெட்மயர் குளத்துல 44 பவுண்டு கெண்டை பிடிச்சவர், அந்த மீன லண்டன் ஜூவுக்கு குடுத்து அது அங்க 1971 வரைக்கும் உயிரோட இருந்துச்சு. நல்ல கதைதான், ஒவ்வொரு தடவையும் கேக்கறேன். ஆனா எங்க குளத்துல மூணுல இருந்து எட்டு பவுண்டு மீன் ஒண்ணு மாத்தி ஒண்ணுன்னு அஞ்சு மணி நேரம் விடாம எடுக்கணும், அது வேற வேலை. அதுல அதிர்ஷ்டம் கம்மி, கை பழக்கம் ஜாஸ்தி.

சாயங்காலம் ரிக், அதான் நரம்பு, தக்கை, முள் கோத்த செட், கட்டினேன். 13 மீட்டர் போலுக்கு, அதாவது நீள கார்பன் கம்புக்கு, ஷாலோ ரிக் நாலு, மேல்மட்டத்துல பிடிக்கறதுக்கு, தக்கையில இருந்து முள்ளு வரைக்கும் ஒன்றரை ரெண்டு அடிதான், சின்ன தக்கை, 0.17 எம்எம் நரம்பு, 16ம் நம்பர் முள். முள்ளுல எதிர்முள் இருக்கக்கூடாதுங்கறது ரூல். பெல்லட்ட முள்ளுல குத்தறதில்ல, பக்கத்துல தொங்குற குட்டி ரப்பர் வளையத்துல சொருகறது. தக்கைக்கு கீழ வர்ற குண்டெல்லாம் ஈயம் இல்லாததுதான், அன்னப்பறவைங்க கீழ விழுந்த ஈயக்குண்ட முழுங்கி செத்துப்போகுதுன்னு 1987லயே சின்ன ஈயத்த தடை பண்ணிட்டாங்க.

போல்ல ரீல் கிடையாது. கார்பன் குழாய்க்குள்ள ஒரு ரப்பர் எலாஸ்டிக் ஓடும், மீன் இழுத்தா அதுதான் நீளும். என்னோடது ஒண்ணு வெயில்ல பிசுபிசுன்னு ஆயிடுச்சு, அத உருவிட்டு புதுசு போட்டேன்.

கீப்நெட் எடுத்துட்டு போக வேண்டாம், குளத்துக்காரங்களே தருவாங்க. கெண்டைக்கு ஹெர்பிஸ் வைரஸ் ஒண்ணு இருக்கு, ஒரு குளத்து வலை இன்னொரு குளத்துல நனைஞ்சா அதோட போயிடும், ஒரு குளமே அழியும்.

ஜூன் 11, ஞாயிறு

அஞ்சரைக்கே கிளம்பிட்டேன். வாரிக்‌ஷயர் பக்கம் வயலுக்கு நடுவுல தோண்டின குளம், நடுவுல நீளமா ஒரு தீவு. தண்ணிக்கு காத்து குடுக்கற ஏரேட்டர் ராத்திரி பூரா ஓடிருக்கு போல, அங்கங்க நுரை. பையில கைய விட்டு பெக் 14 எடுத்தேன். ஓரத்து பெக் இல்ல, மோசமும் இல்ல. இடது பக்கம் நாணல், தீவு சரியா 13 மீட்டர்ல. வலது பக்கம் 15ல எழுபது வயசு தாண்டின ஒரு பெரியவர், கவென்ட்ரி கால்வாய்ல ரோச்சுங்கற சின்ன மீன் பிடிச்சு வளர்ந்த ஆளு, அவருக்கு மார்ஜின்தான் எல்லாம்.

எட்டரைக்கு "ஆல் இன்"னு கத்தினாங்க. எல்லாரும் அடில பெல்லட் போட்டு ஆரம்பிக்கறாங்க, நான் எடுத்த எடுப்புலயே ஷாலோ. ஆக்சிஜன் கம்மியான தண்ணில கெண்டை மேலதான் மிதக்கும், அதுவும் தீவு நிழல்ல. கவட்டையில மூணு நாலு பெல்லட் எடுத்து தக்கை மேல சடசடன்னு அடிக்கணும், பத்து பதினஞ்சு செகண்டுக்கு ஒரு தடவை, மீன் கடிச்சாலும் கடிக்கலேன்னாலும். இந்த விளையாட்டே அதுதாங்க. முள்ளு, நரம்பு, போல் விலை இதெல்லாம் அப்புறம், இரை போடற தாளம் விட்டுப்போச்சுன்னா கூட்டம் கலைஞ்சுடும். கெண்டைக்கு இரைப்பையே கிடையாது, தொண்டைல இருக்கற பல்லால அரைச்சு நேரா குடலுக்கு அனுப்பிடும், அதனால தண்ணி சூடா இருந்தா தின்னுகிட்டே இருக்கும். நிறைய போட்டா கீழ எறங்கிடும், கம்மியா போட்டா பக்கத்து பெக்குக்கு போயிடும்.

முதல் முக்கால் மணி நேரத்துல ரெண்டே மீன். 15ல பெரியவர் ஷார்ட் லைன்ல, அதாவது கொஞ்ச தூரத்துலயே, ஆறு எடுத்துட்டார், ஒவ்வொண்ணுக்கும் என்ன பாத்து ஒரு சிரிப்பு வேற. மாத்தலாமான்னு மனசு அலையுது. மாத்தல. ஒன்பதரைக்கு மேல வெயில் ஏறினதும் சத்தம் கேட்டு மீன் வர ஆரம்பிச்சது, பெல்லட் தண்ணில விழற சத்தத்துக்கே வருது, தக்கை நிமிரறதுக்குள்ள எலாஸ்டிக் நீளுது. ஒரு மிரர் கெண்டை, செதில் அங்கொண்ணு இங்கொண்ணுதான் இருக்கும், ஏழு பவுண்டுக்கு குறையாது, தீவ சுத்தி ஓடி நாணலுக்குள்ள பூந்து எப்படியோ வெளிய வந்துச்சு. ஊர்ல கட்லாவோ ரோகுவோ கிடைச்சா குழம்புக்கு போகும், இங்க கைவலைல வந்த மீன ஈரமான பாய் மேல வெச்சுத்தான் முள்ள கழட்டணும்.

நெட் லிமிட் இருக்கறதால கையில கிளிக்கர் வெச்சு ஒவ்வொரு மீனுக்கும் எடை போட்டுகிட்டே இருக்கணும். 32, 33 ஆனதும் அடுத்த நெட்டுக்கு தாவிடறது, கண்ணு மதிப்பு எப்பவும் கொஞ்சம் ஏமாத்தும். மூணாவது நெட்டுக்கு வந்தப்ப மணி பன்னெண்டேகால்.

அப்பத்தான் பெரியவர் மார்ஜினுக்கு போனார். ஒரு கப் கிரவுண்ட்பெய்ட்டும் (தூள் இரை) செத்த புழுவும் கால் பக்கத்துல கொட்டிட்டு கைய கட்டிகிட்டு உக்காந்துட்டார். பத்து நிமிஷம் தூண்டிலே போடல! அந்த பொறுமை எனக்கு வராது. வாலு தெரியற வரைக்கும் காத்திருந்து போட்டார், மூணு மீன், ஒவ்வொண்ணும் எட்டு பவுண்டு இருக்கும், கால் மணி நேரத்துல. எனக்கு ஷாலோல வேகம் குறைஞ்சுடுச்சு, கணக்கு போட்டு பாத்தா ஒன்றரைக்குள்ள என்ன தாண்டிடுவார்.

ஒரு மணிக்கு தெற்குப்பக்கம் இடி. இடி மழை எச்சரிக்கை காலைலயே இருந்துச்சு. ரெண்டாவது இடி கேட்டதும் செகரட்டரி விசில் அடிச்சு போலை கீழ போடுங்கன்னு கத்திட்டார். கார்பன் கரண்ட்ட நல்லா கடத்தும், 13 மீட்டர் கார்பன கையில தூக்கிகிட்டு தண்ணி ஓரத்துல நிக்கறது நமக்கு நாமளே வெக்கற ஆப்பு. எல்லாரும் போலை போட்டுட்டு கார் பக்கம் போயிட்டோம். காத்திருந்து பாத்துட்டு மேட்ச் அதோட முடிஞ்சதுன்னு சொல்லிட்டாங்க. மீன அதுக்கு மேல நெட்ல வைக்கறதும் சரியில்ல.

ட்ரைபாட் தராசு ஒவ்வொரு பெக்கா வந்துச்சு. எனக்கு 87 பவுண்டு 4 அவுன்ஸ். பெரியவருக்கு 85 பவுண்டு 14 அவுன்ஸ். பெக்குங்கள செக்‌ஷன் செக்‌ஷனா பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் தனி பரிசு. எங்க செக்‌ஷன்ல 96 எடுத்தவர் பெக் 18, அவரும் ஷாலோதான். மொத்தத்துல முதல் ஆளு ஓரத்து பெக்குல 121. பெரியவர் என் கைய குலுக்கிட்டு, "இடிக்கு நீ கடன்பட்டிருக்கே"ன்னார். இல்லன்னு சொல்ல முடியல. ஆனா அவர் மார்ஜினுக்கு அரை மணி நேரம் முன்னாடி போயிருந்தாலும் மீன் வந்திருக்காதுன்னுதான் நினைக்கிறேன், அந்த வெயில்ல ஆழமில்லாத ஓரத்துக்கு யாரு வருவா.

முதல் ஆளு செக்‌ஷன் கணக்குல வரமாட்டார், அவர் எங்க செக்‌ஷனும் இல்ல, அதனால காசு பெக் 18க்கு போச்சு. எனக்கு கைய குலுக்கினது மட்டும்தான்.

ஜூன் 12, திங்கள்

தோள்பட்டை ரெண்டும் வலி, போலை உள்ள இழுத்து வெளிய தள்ளறதுலயே பாதி உடம்பு போயிடுது. ஆபீஸ்ல கீபோர்டு தட்டவே சோம்பல். சாயங்காலம் கைவலை, பாய் எல்லாம் கராஜ்ல காய போட்டாச்சு, ஷாலோ ரிக்ல ரெண்டு நரம்பு நாணல்ல உரசி சொரசொரன்னு இருக்கு, அது குப்பைக்கு. மீந்த பெல்லட்ட டப்பால மூடி வெச்சாச்சு, ஈரம் பட்டா பூஞ்சை பிடிச்சுடும்.

பெரியவர் மெசேஜ் பண்ணிருக்கார். வெள்ளிக்கிழமை 16ம் தேதி ஆறு திறக்குது, ஏவான் ஆத்துக்கு வர்றியான்னு. லீவு கேட்டு பாக்கணும். கிளப்போட அடுத்த மேட்ச் கால்வாய்ல, அங்க ரெண்டு அவுன்ஸ் ரோச்சுக்கு மெல்லிசா 4ம் நம்பர் எலாஸ்டிக் வேணும், அத இந்த வாரமே மாத்தி வெச்சுடணும்.